கோயிலின் தாய்மொழி

1969 ஜூலை மாதம் இரண்டாம் ஞாயிறு காலை, அந்தமானில் பாராடாங் தீவின் ஏழாம் நம்பர் கேம்பில், அந்தோணியார் கோயில் உபதேசியார் மிக்கேல் தன் சொந்த மகளின் கலியாண ஓலையை இரண்டாம் முறையாக வாசித்தார்.

வாசித்தது கடுதாசியைத்தான். ஆனால் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு அது ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் அறிந்தவர் சொல்லக் கடவர் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் தாலி. போர்ட்பிளேயரிலிருந்து சாமியார் மாதம் ஒரு முறை படகில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், ஓலை, மணி, பெருக்குவது எல்லாம் மிக்கேல் பொறுப்பு. வார நாட்களில் மீன் பிடித்தார்.

பெண் ரோசலின். மாப்பிள்ளை பீத்தர், காட்டிலாகாவில் மரம் அறுக்கும் ராஞ்சிக்காரர் ஸ்டீபன் டோப்போவின் மகன். முதல் ஞாயிறு தடை இல்லை. இரண்டாம் ஞாயிறும் தடை இல்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கு ரோசலின் அவசரப்பட்டாள். ஏன் என்று ஏழாம் நம்பரில் எல்லோருக்கும் தெரியும். சேலையைக் கொஞ்ச நாளாக அவள் மேலே ஏற்றிக் கட்டினாள்.

அன்று மாலைப் படகில் திருச்சபையின் சுற்றறிக்கை வந்தது.

இனி எல்லாம் மக்களுக்குப் புரியும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது ஆங்கிலத்தில். மிக்கேல் அதை எடுத்துக்கொண்டு காட்டிலாகா குமாஸ்தா கண்ணையாவிடம் போனார். கண்ணையாவின் பாட்டனார் கைதியாகக் கப்பலேறி வந்தவர். அதனால் அரசாங்கக் காகிதங்களைக் கண்டு கண்ணையாவுக்கு வியப்போ பயமோ கிடையாது.

"மிக்கேல் பாய், உங்க கோயிலுக்கு பாஷை இருக்கான்னு கேக்குறாங்க."

"கோயிலுக்கு ஏதுய்யா பாஷை?"

"அப்ப பந்த்."

"என்னது?"

"இழுத்து மூடிருவாங்க. இங்க பாருங்க, போட்டிருக்கு."

கண்ணையா வரி வரியாகச் சொன்னார். லத்தீன் ஒழிந்தது. அது யாருக்கும் புரியவில்லை என்பதைத் திருச்சபை நீண்ட ஆலோசனைக்குப் பின் கண்டுபிடித்திருக்கிறது. இனி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு மொழி. அது அந்தக் கோயிலின் சனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுடைய தாய்மொழியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மொழி இல்லாத கோயில் மூடப்பட்டு, சனங்கள் போர்ட்பிளேயரோடு இணைக்கப்படுவார்கள். எந்தக் கோயிலுக்கு எந்த மொழி என்று தீர்மானிக்க மெயின்லேண்டிலிருந்து மக்கள் மொழிக் கமிஷன் வரும். அது வரும்வரை கோயிலில் எந்த மொழியிலும் எதையும் சத்தமாக வாசிக்கக் கூடாது.

"ஓலையையுமா?"

"எதையும்னா எதையும்தான், பாய்."

"மூடிட்டாங்கன்னா? போர்ட்பிளேயர்ல மூணாவது ஓலைய வாசிச்சுக்கலாம்லா?"

கண்ணையா பக்கத்தைத் திருப்பினார். "அதுக்கும் போட்டிருக்கான், பலே ஆளுங்கப்பா. புதுக் கோயில்ல ஓலை முதல்லேருந்து. அதுக்கு முன்னாடி அங்க ஆறு மாசம் குடியிருக்கணும்."

ரோசலினுக்கு ஆறு மாதம் இல்லை.

மூன்றாம் ஞாயிறு ஓலை இல்லாமல் கழிந்தது. சனங்கள் கோயிலில் உட்கார்ந்து தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். நான்காம் ஞாயிறும் அப்படியே. ரோசலினின் சேலை இன்னும் ஒரு சாண் மேலே ஏறியது.

ஆகஸ்ட்டில் கமிஷன் வந்தது. இரண்டு சாமியார்கள், ஒரு டைப்ரைட்டர், மூன்று பெட்டிகள். நீர் வற்றிய நேரம்; படகு கரைவரை வரவில்லை. கமிஷனின் தலைவரைப் பீத்தர் முதுகில் சுமந்து அலையாத்திச் சேற்றைக் கடந்தான். வழியில் அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஆசீர்வாதம் என்று நினைத்துப் பீத்தர் மூன்று முறை நின்று சிலுவை போட்டுக்கொண்டான். மெதுவாகப் போ என்று அவர் சொல்லியிருந்தார்.

தலைவர் மொன்சிஞ்ஞோர் ரெபெல்லோ. ஏழாம் நம்பரில் அந்தப் பட்டத்தை உச்சரிக்கும் வாய் எதுவும் இல்லாததால் அவர் பெரிய சாமி ஆனார். ரோமில் ஏழு வருடம் படித்தவர். ஒன்பது மொழிகள் அறிந்தவர். அந்த ஒன்பதில் ஒன்றையும் ஏழாம் நம்பரில் யாரும் பேசவில்லை. செயலாளர் இருதயநாதன் சாமி திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவர். தமிழும் ஆங்கிலமும் தெரியும். அவர் சின்ன சாமி.

பெரிய சாமி கோயிலில் ஆங்கிலத்தில் பேசினார். சின்ன சாமி தமிழாக்கினார். அதை மிக்கேல் ராஞ்சிக்காரர்களுக்கு இந்தியாக்கினார்.

"அன்பானவர்களே, இத்தனை நூற்றாண்டுகளாகத் திருச்சபை பேசியது, நீங்கள் கேட்டீர்கள். அந்தக் காலம் முடிந்தது. இனி நீங்கள் பேசுவீர்கள், திருச்சபை கேட்கும். ஆகையால், நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்."

முடிக்கும்போது விளக்கேற்ற வேண்டியிருந்தது. மிக்கேலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்டீபன் டோப்போ பக்கத்தில் வந்து கேட்டார்: "சமதி, க்யா போலா?" சம்மந்தி, என்ன சொன்னார் என்று அர்த்தம்.

"நம்மளப் பேசச் சொல்றாரு."

"கப்?" எப்போது என்று ஸ்டீபன் கேட்டார்.

"அதச் சொல்லல."

மறுநாள் வீடு வீடாக விசாரணை. ஏழாம் நம்பரில் பதினெட்டு கத்தோலிக்க வீடுகள். ஒன்பது தமிழ், ஒன்பது ராஞ்சி. ஒரு வீடு கூடினால் போதும் என்று மிக்கேல் கணக்குப் போட்டிருந்தார். கமிஷனின் கணக்கு அத்தனை எளிதாக இல்லை.

முதலில் மிக்கேல் வீடு. மனைவி லூசி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று சின்ன சாமி கேட்டார்.

"தமிழ்தான் சாமி."

"எப்போதுமா?"

"இந்த மனுசன ஏசறதுக்குத் தமிழ். சம்மந்தி வீட்டுல ஏசறதுக்கு இந்தி."

"ஆட்டிடம்?"

அவர் ஆட்டைப் பார்த்துவிட்டிருந்தார். படிவத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கு ஒரு கட்டம் இருந்தது.

"அதுக்கு இந்திதான் சாமி வெளங்கும். காட்டிலாகாக்காரங்க கிட்ட வாங்கினது."

சின்ன சாமி ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய சாமி முகம் இருண்டது. "வீட்டுக்குள்ளேயே மொழிப் பிளவு" என்றார். சின்ன சாமி குறித்துக்கொண்டார்.

அடுத்து சகாயசெல்வி வீடு. அவள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து புருஷனோடு வந்தவள்.

"தமிழ்தானே அம்மா?"

"ஆமாங்க சாமி."

"எத்தனை அறை வீடு?"

"ஒரே காம்பராதாங்க."

சின்ன சாமி எழுதுவதை நிறுத்தினார். "எது?"

"காம்பரா, சாமி. இந்தா, நிக்கிறீங்களே."

சின்ன சாமிக்கு அந்தச் சொல் தெரியாது. தமக்குத் தெரியாத சொல் தமிழாக இருக்க முடியாது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. மிக்கேல் குறுக்கிட்டார். "தோட்டத்துல அப்படித்தான் சொல்லுவாக, சாமி. எங்களுக்கு நல்லா வெளங்கும்."

"உங்களுக்கு விளங்குகிறதா என்பது கேள்வி இல்லை, மிக்கேல். தாய்மொழியா என்பதுதான் கேள்வி."

ஒன்பது தமிழ் வீடுகள் ஐந்து கடற்கரைத் தமிழாகவும் நான்கு மலைத் தமிழாகவும் பிரிந்தன. ஒரு வீடு கூட்டப் பார்த்த மிக்கேலுக்கு ஒரே காலையில் நான்கு வீடு குறைந்தது.

ராஞ்சி வீடுகள் இன்னும் வேகமாகப் பிரிந்தன. நான்கு வீட்டில் குருக் மொழி, மூன்று வீட்டில் முண்டாரி, ஒன்றில் கடியா. மிச்சம் ஸ்டீபன் வீடு. அவருக்குக் குருக், மனைவிக்கு முண்டாரி.

"இருவரும் எதில் பேசிக்கொள்வீர்கள்?"

மிக்கேல் இந்தியில் கேட்டார். ஸ்டீபன் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமா பேசிக்கிறது இல்லையாம், சாமி" என்றார் மிக்கேல்.

"மொழி இல்லாத வீடு ஒன்று" என்று சின்ன சாமி எழுதிக்கொண்டார்.

மாலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பரில் ஐந்து மொழிகள் இருந்தன. ஒன்றுக்கும் பாதி இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு லூசி கமிஷனுக்கு நண்டு வைத்தாள். பெரிய சாமி நண்டை மிச்சம் வைக்கவில்லை. மொழியை மட்டும் தேடிக் கிடைக்கவில்லை என்று வருந்தினார். மூடும் சடங்குக்கு ரோமில் தனி ஜெபம் உண்டென்றும், அது மிக அழகானதென்றும், இதுவரை அதைச் சொல்லத் தமக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை என்றும் சொன்னார்.

லூசி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். "என்ன சொல்லுதாரு?"

"மூடப்போறாராம்."

"நண்டத் தின்னுட்டா?"

"தின்னதுக்கப்புறந்தான் சொன்னாரு."

"ஏ மனுசா, உம்ம மவ வயித்த நீரு பாத்தீரா இல்லியா? நாளைக்கு எந்திரிச்சு வாயத் தொறந்து நாலு வார்த்த பேசும். உபதேசியாராம் உபதேசியார்."

மறுநாள் கோயிலில் கடைசி அமர்வு. பதினெட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். பெரிய சாமி பீடத்துக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மிக்கேல் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "சாமி, எங்க எல்லாருக்கும் இந்தி தெரியும். இந்தியிலயே வச்சிரலாமே."

ராஞ்சிப் பக்கம் தலைகள் ஆடின. தமிழ்ப் பக்கமும் ஆடின. பெரிய சாமி கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

"இங்கே யாருடைய தாயாவது இந்தி பேசினாரா?"

யாருடைய தாயும் பேசவில்லை.

"எல்லோருக்கும் தெரிந்த மொழி, ஆனால் யாருடைய தாய்க்கும் தெரியாத மொழி. அது எப்படித் தாய்மொழி ஆகும்? இங்கே நீங்கள் அரிசி வாங்கவும் மரம் விற்கவும் அதைப் பேசுகிறீர்கள். கடைத்தெரு மொழியில் கடவுளிடம் பேசலாமா? கடவுளுக்கு அது புரியலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் கமிஷனுக்குக் கடவுளின் வசதியைப் பற்றி விசாரிக்கும் அதிகாரம் இல்லை."

மிக்கேல் இதை இந்தியாக்கினார். எல்லோருக்கும் புரிந்தது.

அப்போது சின்ன சாமி பெரிய சாமியின் காதில் ஏதோ சொன்னார். புதிதாக ஒரு குடும்பம் உண்டாகப்போகிறது, அதையும் விசாரிக்காமல் மூடினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்றார். ரோசலினும் பீத்தரும் முன்னால் அழைக்கப்பட்டார்கள். ரோசலின் முந்தானையை இழுத்து வயிற்றின்மேல் விட்டுக்கொண்டு நின்றாள்.

"மகளே, நீ கடற்கரைத் தமிழ். இவன் பாதி குருக், பாதி முண்டாரி. நீங்கள் இருவரும் என்ன மொழியில் பேசிக்கொள்வீர்கள்?"

"அவ்வளவாப் பேசுனது இல்ல சாமி."

சின்ன சாமிக்குக் கோபம் வந்தது. "பேசாமலா கலியாணம்வரை வந்தது?"

ரோசலின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பேசியிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காது சாமி."

தமிழ்ப் பக்கம் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ராஞ்சிப் பக்கம் என்னவென்று கேட்டது. சகாயசெல்வி இந்தியில் சொன்னாள். அந்தப் பக்கமும் பொத்திக்கொண்டது. பெரிய சாமி மட்டும் காத்திருந்தார்.

"அமைதியான தம்பதி என்கிறாள்" என்று சின்ன சாமி ஆங்கிலத்தில் சொன்னார்.

பெரிய சாமி மெச்சினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆகவே, இந்தக் கோயிலில் உங்களை ஒன்றாகச் சேர்த்த மொழி எதுவும் இல்லை என்று கமிஷன் காண்கிறது."

அவர் ஜெபப் புத்தகத்தைத் திறந்ததை மிக்கேல் பார்த்தார். அதற்குப் பிறகு பேசியது மிக்கேலின் வாய்தான்; அவர் அதைப் பேசச் சொல்லவில்லை.

"இருந்துச்சே சாமி. லத்தீன் இருந்துச்சே. இந்தக் கோயிலுக்குள்ள நாங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்து சொன்ன பாஷை அது ஒண்ணுதான். எங்க பாஷை லத்தீன்தான் சாமி."

சின்ன சாமி மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தார். அதற்குள் பெரிய சாமிக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்துவிட்டது.

"லத்தீனா?"

"ஆமாங்க சாமி" என்றாள் சகாயசெல்வி. "எங்களுக்கும் அதாங்க."

"ஹம்கோ பீ" என்று ஸ்டீபனும் ஒத்துக்கொண்டார்.

கைகள் உயர்ந்தன. பதினெட்டு வீடும் உயர்த்தியது. ஸ்டீபனும் அவர் மனைவியும் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரே காரியத்தைச் சேர்ந்து செய்தார்கள்.

இதில் முழுப் பொய் இல்லை. முன்பு வந்துகொண்டிருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ஊர் முழுவதற்கும் பூசையின் பதில்களைக் கற்றுக்கொடுத்திருந்தார். அர்த்தம் சொல்லித்தரவில்லை. எந்த ராகத்துக்கு எந்தப் பதில் என்று மட்டும் சொல்லித்தந்தார். குரல் தாழ்ந்து முடிந்தால் ஒன்று, வளைந்து முடிந்தால் வேறு. சனங்கள் ராகம் தவறியதே இல்லை.

பெரிய சாமி ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டுச் சனங்களிடம் வந்தார். இதைச் சோதிக்க வேண்டும். அவருக்கும் லத்தீனைப் பீடத்தில் பாடித்தான் பழக்கம். யாரோடும் பேசிப் பழக்கம் இல்லை. எனவே கேள்விகளைப் பாடினார்.

முதலில் ஸ்டீபன் முன் நின்று, உன் பெயர் என்ன என்று லத்தீனில் பாடினார். ராகம் ஸ்டீபனுக்குத் தெரிந்ததாக இருந்தது.

"எத் கூம் ஸ்பீரித்து தூவோ."

உம்முடைய ஆன்மாவோடும் இருப்பாராக. பெரிய சாமி நெஞ்சில் கை வைத்தார். "பெயரைக் கேட்டேன், அதற்கு முன் என் ஆன்மாவை வாழ்த்துகிறார். எவ்வளவு பழைய மரியாதை!"

அடுத்து சகாயசெல்வி. உனக்குப் பிள்ளைகள் உண்டா?

"ஆபேமுஸ் ஆத் தோமினும்."

உண்டு, ஆண்டவருக்காக. பெரிய சாமியின் கண் கலங்கியது. ஆண்டவருக்காக உண்டான நான்கு பேரும் வாசலில் அவருடைய குடையைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து லூசி. உன் கணவன் குடிப்பானா?

"தீஞ்ஞும் எத் யூஸ்தும் எஸ்த்" என்று லூசி கணீரென்று சொன்னாள்.

அது தகுதியும் நீதியும் ஆனதே. பெரிய சாமி மிக்கேலை ஒரு முறை பார்த்தார். சின்ன சாமி குறித்துக்கொண்டார். மிக்கேல் குடிப்பதில்லை. ஆனால் என்ன கேட்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. எனவே பணிவாகத் தலையசைத்தார்.

பெரிய சாமி பீடத்தின் படியில் நின்று பேசினார்.

"ரோமில் ஏழு வருடம் இருந்தேன். அங்கே லத்தீன் படித்தவர்களைக் கண்டேன், எழுதியவர்களைக் கண்டேன். லத்தீனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரையும் காணவில்லை. அப்படிப்பட்ட ஓர் இனம் இந்தக் காட்டில், சேற்றுக்கும் அட்டைக்கும் நடுவே, எவர் உதவியும் இல்லாமல் வாழ்ந்துவருகிறது. மக்களுக்குப் புரியாத லத்தீனை ஒழித்து, மக்கள் மொழியைக் கொண்டுவரவே கமிஷன் வந்தது. இங்கே மக்கள் மொழியே லத்தீன். எனவே லத்தீனை ஒழித்துவிட்டு லத்தீனைக் கொண்டுவருகிறோம். கோயில் மூடப்படாது."

கடைசி வாக்கியத்தை மிக்கேல் இரண்டு முறை இந்தியாக்கினார்.

வெளியே வந்ததும் மிக்கேலைச் சின்ன சாமி வேலியோரம் தனியாக அழைத்தார்.

"மிக்கேல், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு லத்தீன் தெரியுமா?"

"அது வந்து சாமி..."

"வேண்டாம். சொல்லாதீங்க. அறிக்கை டைப் அடிச்சாச்சு. நான் அடிச்சதை நான் திருத்துறது இல்லை."

பெரிய சாமி இதை ரோமுக்கே எழுத முடிவு செய்தார். லத்தீன் இனத்தைக் கண்டெடுத்தவர் வெறும் மொன்சிஞ்ஞோராக நீடிப்பது முறையாகாது என்று சின்ன சாமி எடுத்துச் சொன்னார். கண்டெடுத்தவருக்குத் துணை நின்றவர் வெறும் செயலாளராக நீடிப்பதும் முறையாகாது என்பதை அவர் சொல்லவில்லை, இடைவெளி விட்டார். ஆதாரம் திரட்ட அடுத்த ஞாயிறு கழியும்வரை தங்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

கோயில் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. கண்ணையா வந்து வாசித்தார்.

"உள்ள உங்க தாய்மொழி தவிர வேற பாஷை பேசக் கூடாதாம். வேற பாஷை காதுல விழுந்துச்சுன்னா நீங்க சொன்னது ஜூட்டு, பொய்யின்னு ஆயிரும். அன்னைக்கே பந்த்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிக்கேல் பாய், என் தாதா, பாட்டனாரு, கொலைக் கேஸ்ல வந்தவரு. இப்படி ஒரு பொய்ய அவருகூடச் சொன்னது இல்ல."

"வெளிய வந்து பேசுய்யா" என்றார் மிக்கேல், வேலியைத் தாண்டி ஓடி நின்று.

அந்த வாரம் ஏழாம் நம்பரில் எல்லோரும் கோயில் வேலிக்கு இப்பால் வந்துதான் மூச்சு விட்டார்கள். உள்ளே ஒருவர் காலை ஒருவர் மிதித்தால் "மெயா குல்பா", என் பாவமே, என்றார்கள். ஆடு நுழைந்தால் லூசி "ஓராத்தே ஃப்ராத்ரெஸ்" என்று விரட்டினாள். சகோதரர்களே ஜெபியுங்கள் என்று அர்த்தம். இந்தி ஆடு அதற்கும் ஓடியது. பெரிய சாமி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். ஆடுகளும் கூட என்று எழுதினார்.

சனிக்கிழமை ரோசலின் தகப்பனிடம் வந்தாள். மிக்கேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எப்பா, நாளைக்கு ஓலை உண்டுல்லா?"

"உண்டும்மா. சின்ன சாமியே வாசிக்காராம். லத்தீன்ல."

"வெளங்குமா?"

"ஒனக்கு எதுக்கு வெளங்கணும்? பேரு ரெண்டு. தேதி ஒண்ணு. முடிஞ்சுது."

"தேதி செவ்வாக்கிழமதானப்பா? சாமிமாரு பொறப்படுறதுக்கு முந்தி?"

"செவ்வாதான்."

ரோசலின் நின்றுகொண்டே இருந்தாள். "அதுக்கு மேல தள்ளுனா எனக்குச் சேல பத்தாதுப்பா" என்றாள்.

ஞாயிறு காலை கோயில் நிரம்பியது. மழை இல்லை. பீத்தர் இரவல் சட்டை போட்டு வந்தான். பெரிய சாமி லத்தீனில் பூசை வைத்தார். சனங்கள் ஒரு பதிலையும் விடவில்லை. அவர் அடிக்கடி திரும்பி, நம்ப முடியாதவர் போல அவர்களைப் பார்த்தார்.

பிறகு சின்ன சாமி ஓலையை எடுத்தார். லத்தீனில் அவர் இரவெல்லாம் எழுதியது. யாருக்கும் புரியவில்லை. பேத்ருஸ் என்று வந்தபோது ஸ்டீபன் நிமிர்ந்தார். ரொசலீனா என்று வந்தபோது லூசி மூக்கை உறிஞ்சினாள். மிக்கேலுக்கு முதல் முறையாக அந்த வாரத்தில் தோள் இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. இந்தக் கலியாணத்துக்குத் தடை அறிந்தவர் எவரேனும் இங்கே உண்டா? சின்ன சாமி அதை லத்தீனில் கேட்டார். பெரிய சாமி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததால், முறையாக, ராகத்தோடு கேட்டார். கடைசியில் குரலை ஏற்றி, இழுத்து, நிறுத்தினார்.

குரல் ஏறி இழுத்து நின்றால் என்ன பதில் என்று ஏழாம் நம்பருக்குத் தெரியும்.

"ஆமென்!"

பதினெட்டு வீடும் சொன்னது. முன் வரிசையில் நின்ற மிக்கேலின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சின்ன சாமி ஓலையைப் பார்த்தார். சனங்களைப் பார்த்தார். பெரிய சாமி எழுந்து நின்றுவிட்டார். சரியாகக் கேட்கவில்லையோ என்று சின்ன சாமி மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை இன்னும் நிறுத்தி, இன்னும் இழுத்து.

முதல் முறை போதவில்லை போலிருக்கிறது என்று சனங்கள் நினைத்தார்கள். இரண்டாம் ஆமெனுக்குத் தகரக் கூரை அதிர்ந்தது. ராஞ்சிப் பெண்கள் அதைத் தங்கள் வழக்கப்படி இரண்டு குரலாகப் பிரித்துப் பாடினார்கள். பீத்தரும் சொன்னான்.

பெரிய சாமி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சின்ன சாமி படி இறங்கி வந்தார். அவருக்கு அந்த அறிவிப்பின் விதி இல்லை, அவர் கமிஷன். தமிழில் பேசினார்.

"மிக்கேல், தடை இருக்கிறதா என்று கேட்டேன். ஊரே ஆம் என்கிறது. மாப்பிள்ளையும் ஆம் என்கிறான். தகப்பன் நீங்கள் எல்லோரையும்விட உரக்கச் சொன்னீர்கள். இரண்டு முறை. தடை என்னவென்று பதிவு செய்யாமல் இந்தக் கலியாணம் நடக்காது."

மிக்கேல் வாயைத் திறந்தார். ஒரு தடையும் இல்லை சாமி, ராகந்தான் அப்படி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தமிழில் அது ஒரு மூச்சு. பெரிய சாமி பென்சிலைத் தீட்டிக்கொண்டு அருகே வந்து நின்றார். வாசலில் அறிவிப்பு காற்றில் அடித்துக்கொண்டது. மிக்கேல் மனத்தில் லத்தீன் முழுவதையும் தேடினார். வாழ்த்து இருந்தது, பாவ மன்னிப்பு இருந்தது, தகுதியும் நீதியும் இருந்தது. இல்லை என்பதற்கு ஒரு சொல் இல்லை. பூசையில் அதற்குத் தேவை வந்ததே இல்லை.

பின் வரிசையில் ரோசலின் எழுந்து நின்றிருந்தாள். இப்போது முந்தானையை அவள் இழுத்துவிடவில்லை.

சின்ன சாமி மிக்கேலின் தோளில் கை வைத்தார். ஊருக்கெல்லாம் கேட்கும்படி, கனிவாகச் சொன்னார்:

"சொல்லுங்க மிக்கேல், என்ன தடை? பயப்படாதீங்க. உங்க தாய்மொழியிலேயே சொல்லலாமே?"